ஓடுகளம், செய்தி, வார்டு: எதை எப்போது விடுவது?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கல்லூரிக் காலத்தில் அவர் 400 மீட்டர் தடை ஓட்ட வீராங்கனை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியில் தொடர் ஓட்ட அணியோடு வெண்கலம் வாங்கியவர். முழங்கால் தசைநார் கிழிந்ததோடு ஓட்டம் நின்றுபோனது. மாவட்ட விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதத் தொடங்கி, ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராகி, பல வருடங்களாக நகராட்சிக் கூட்டங்களையும் அவரே எழுதி வருகிறார். காலையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறார். அவரும் அண்ணனும் அறங்காவலர்களாக இருக்கும் சிறிய அறக்கட்டளை, நகராட்சியின் பூங்காவையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பராமரிக்கும் ஒப்பந்தத்தை எடுத்திருக்கிறது. கணவரும் முன்னாள் வீரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போனவர்.

இப்போது ஒரு கட்சி, கவுன்சிலர் சீட்டு தருகிறோம், ஜெயித்தால் நகராட்சித் தலைவர் ஆக்குகிறோம் என்று வீடு தேடி வந்திருக்கிறது. அவர் கேட்பவை: நிருபராக இருந்துகொண்டே போட்டியிட முடியுமா? ஜெயித்த பிறகும் எழுதலாமா? கழிவுநீர்க் கால்வாய் வேலை பற்றி எழுதிய செய்திக்காக ஒரு கவுன்சிலர் போட்ட அவதூறு வழக்கு குறுக்கே நிற்குமா? கணவரின் வேலைக்குச் சிக்கல் வருமா? "வேலையை விட வேண்டாம், நீங்கள் உள்ளே இருந்தால் பத்திரிகைக்கும் நல்லது" என்று ஆசிரியர் சொல்கிறாராம். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "அது அண்ணன் கையெழுத்தில்தானே இருக்கிறது, அதனால் அதைப் பற்றிக் கவலை இல்லை."

அன்புச் சகோதரி,

கடிதத்தில் பாதிக்கு மேல் நிருபர் வேலை சட்டப்படி தடையாகிவிடுமோ என்ற கவலைதான். ஒப்பந்தத்தை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஒரு வழக்கறிஞராகப் படிக்கும்போது எனக்கு இது நேர் தலைகீழாகத் தெரிகிறது. நிருபர் வேலையால் உங்கள் வேட்புமனுவுக்கு எதுவும் ஆகாது. அந்த ஒப்பந்தம் உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்ய வைக்கலாம், ஜெயித்த பதவியையும் பறிக்கலாம். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒப்பந்தம் அண்ணன் பெயரில் இருந்தால் போதாது

எந்த உள்ளாட்சி மன்றத்துக்குப் போட்டியிடுகிறோமோ, அதே மன்றத்தோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்திலோ அதற்காக நடக்கும் வேலையிலோ பங்கு உள்ளவர் உறுப்பினராக முடியாது என்பது உள்ளாட்சிச் சட்டங்களில் வெகு காலமாக இருந்துவரும் விதி. கையெழுத்து யாருடையது என்பதோடு கேள்வி முடிவதில்லை. பலன் யாருக்குப் போகிறது என்றும் பார்ப்பார்கள். நீங்கள் அறங்காவலர். வங்கிக் கணக்கில் நீங்களும் கையெழுத்துப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளர் என்று மாதாமாதம் அறக்கட்டளையிலிருந்து ஒரு தொகையும் வாங்குகிறீர்கள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதிர் வேட்பாளரின் வழக்கறிஞருக்கு வேறு எதுவும் தேவையில்லை.

பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920-ஆம் ஆண்டினுடையது. நகராட்சி விளம்பரம் வெளியாகும் நாளிதழில் ஒருவருக்குப் பங்கு இருந்தால், அதை மட்டும் வைத்து ஒப்பந்தப் பங்கு என்று கருதக் கூடாது என்று அதில் தனியாக விலக்கே கொடுத்திருந்தார்கள். வேலை ஒப்பந்தங்களுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. இப்போது நமக்குப் பொருந்துவது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. புதிய விதிகளோடு 2023 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தை வைத்து நண்பர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்தச் சட்டத்தின் வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்தோடு வரிக்கு வரி பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், வேட்புமனுப் பரிசீலனையில் மனு தள்ளுபடியானால் பாதியில் நீதிமன்றத்துக்கு ஓடி நிறுத்த முடியாது. தேர்தல் நடைமுறையில் நீதிமன்றங்கள் தலையிடுவதை அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்.ஜி பிரிவு தடுக்கிறது. முடிவு வந்த பிறகு தேர்தல் மனு போடுவது ஒன்றுதான் வழி. அந்த வழக்கு முடியும்போது பதவிக்காலத்தில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பரிசீலனையில் யாரும் கவனிக்காமல் விட்டு நீங்கள் ஜெயித்தாலும், தோற்றவர் கையில் அதே ஒப்பந்தத்தின் நகல் போய்ச் சேரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் காகிதம் அது. நிருபரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. அறக்கட்டளை ஒப்பந்தத்தை விட்டுவிடலாம். அல்லது நீங்கள் அறக்கட்டளையை விட்டு உண்மையாகவே விலகலாம். இரண்டாவதில் அறங்காவலர் பொறுப்பு, வங்கிக் கையெழுத்து, மாதத் தொகை மூன்றும் போக வேண்டும். ஆனாலும் நான் முதல் வழிக்கே சாய்வேன். நீங்கள் கவுன்சிலராக உட்கார்ந்திருக்கும் மன்றத்தில் அண்ணனின் பில் தீர்மானத்துக்கு வரும். அந்தப் பொருள் வரும்போதெல்லாம் நீங்கள் எழுந்து வெளியே போனாலும், ஊர் வேறு மாதிரிதான் பேசும். நீங்களே இப்படி எத்தனை செய்திகள் எழுதியிருப்பீர்கள்!

ஒப்பந்தத்தை விடுவதென்றால் வாய்ப்பேச்சு வேண்டாம். ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனிச் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கி இல்லை என்று நகராட்சியிடமிருந்து எழுத்திலேயே வாங்குங்கள். வரவேண்டிய பணம் பாக்கி இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். சட்டமன்றத் தேர்தலுக்கான 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒருவர் தன் பக்கத்து வேலையை முழுதாக முடித்துவிட்டால், அரசு தர வேண்டியது பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாக ஆகாது. ஆனால் அது அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கான விளக்கம். நகராட்சி ஒப்பந்தத்தில் அதையே நம்பி இறங்காமல், கணக்கு முழுவதையும் முடித்துவிட்டு மனுத் தாக்கல் செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அறக்கட்டளைத் தொகை வாங்காமல் தரும் பயிற்சிக்கும் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியே வீட்டு வரி, குடிநீர்க் கட்டண பாக்கி எதுவும் இல்லாமல் ரசீதுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிருபர் வேலை: சட்டம் அனுமதிக்கும், ஆனாலும் விட வேண்டும்

பத்திரிகையாளர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243வி பிரிவுப்படி 21 வயது நிறைந்தவர் நகராட்சிக்குப் போட்டியிடலாம். சட்டமன்றத் தேர்தலுக்கு யாரெல்லாம் தகுதி இழக்கிறார்களோ அவர்கள் இங்கேயும் இழப்பார்கள். அதோடு மாநிலச் சட்டம் சொல்லும் தடைகளும் சேரும். தனியார் நாளிதழில் தொகை வாங்கிக்கொண்டு செய்யும் வேலை, தகுதியைப் பறிக்கும் 'ஆதாயம் தரும் அரசுப் பதவி' ஆகாது. எனவே ஆசிரியர் சொல்வது சட்டப்படி சரி. மற்ற எல்லா வகையிலும் தவறு.

நீங்கள் வேட்பாளரான நாளிலிருந்து அந்த நாளிதழில் உங்கள் வார்டைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் ஊர் சந்தேகத்தோடு படிக்கும். எதிர் வேட்பாளரைப் பற்றிய உண்மையான குற்றச்சாட்டு வந்தால்கூட, அதை நீங்கள் எழுதியதாகத்தான் நினைப்பார்கள். வேட்பாளர்களைப் பற்றி மிகைப்படுத்தி எழுதுவதையும் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதையும் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் கண்டிக்கின்றன. அந்த மன்றத்துக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் 1978-ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு அதிகாரம் தருகிறது, அபராதம் போட முடியாது என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் பொருட்படுத்த வேண்டும். அந்த ஊரில் உங்கள் பெயருக்கு இருக்கும் மதிப்பு நீங்கள் எழுதிய செய்திகளால் வந்தது.

என் யோசனை, சீட்டு உறுதியாகும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். கட்சிக்காரர்களோடு பேச்சு தொடங்கிவிட்டது, இல்லையா? அப்படியானால் நகராட்சிச் செய்திகளை இன்றே நிறுத்துங்கள். மனுத் தாக்கலுக்கு முன் நிருபர் பொறுப்பிலிருந்து எழுத்தில் விலகுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள், ஸ்கூட்டரில் இருக்கும் 'பிரஸ்' ஸ்டிக்கரையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. இத்தனை வருடங்களில் நகராட்சி ஊழியர்கள் சிலர் உங்களை நம்பிக் கோப்புகளைக் காட்டியிருப்பார்கள், பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் விஷயம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் நிருபரை நம்பிச் சொன்னார்கள். அதே தகவலைப் பிரசார மேடையில் வேட்பாளராக எடுத்து வீசினால், யார் கொடுத்தது என்று ஒரே நாளில் கண்டுபிடித்து அவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பார்கள். வெளியாகாத எதையும் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். தேவையான ஆவணத்தை உங்கள் சொந்தப் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அப்படி வாங்கிய காகிதத்தை எந்த மேடையிலும் தைரியமாகக் காட்டலாம்.

ஜெயித்த பிறகு எழுதலாமா? "மன்றக் கூட்டத்தை உள்ளிருந்தே எழுதலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தியாக எழுதக் கூடாது. வாக்களிப்பவரே அந்த வாக்கெடுப்பைப் பற்றிச் செய்தி தர முடியாது. கவுன்சிலர் என்று பெயருக்குக் கீழே போட்டு கருத்துக் கட்டுரை எழுதலாம். தடகளத்தைப் பற்றித் தாராளமாக எழுதலாம், நகராட்சிப் பணம் புழங்கும் போட்டிகளை மட்டும் தவிர்த்துவிட்டு.

ஓட்டக்காரர் ஒருவர் செய்தித் துறைக்குப் போய் அங்கிருந்து உள்ளாட்சிக்கு வருவது புதிதல்ல. பிரிட்டனின் கிறிஸ் சாட்டவேயைச் சொல்லலாம். 1954-இல் ரோஜர் பேனிஸ்டர் முதன்முதலாக 4 நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது அவருக்கு வேகம் கொடுத்து ஓடிய இருவரில் ஒருவர் அவர். அதே ஆண்டில் 5,000 மீட்டரில் உலக சாதனையும் படைத்தார். 1955-இல் ஐ.டி.என். தொலைக்காட்சிச் செய்தியின் முதல் செய்தி வாசிப்பாளர். 1958-இல் லண்டனின் அன்றைய உள்ளாட்சி மன்றமான லண்டன் கவுன்டி கவுன்சிலில் உறுப்பினர், அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர். ஊருக்குத் தெரிந்த முகமும் குரலும் அவருக்கு உதவியிருக்கும். அதற்காக இந்தப் பாதையில் வரும் எல்லோருக்கும் அது உதவும் என்று சொல்ல முடியாது.

பதக்கம் ஓட்டாக மாறுமா?

"என்னிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகளின் குடும்பங்களே போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்பு உண்மையானது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான பைச்சுங் பூட்டியா 2014-இல் டார்ஜிலிங் மக்களவைத் தொகுதியில் தோற்றார், 2016-இல் சிலிகுரியில் தோற்றார், பிறகு சிக்கிமிலும் ஜெயிக்கவில்லை. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2024-இல் ஹரியானாவின் ஜூலானாவில் ஜெயித்தார், 6,015 வாக்குகள் வித்தியாசத்தில். நாடே அறிந்த ஒருவருக்கே வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் வார்டில் ஓட்டுப் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. நகராட்சியை இத்தனை வருடங்கள் எழுதியவர் என்பதால், அதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியும். உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது, பதக்கத்தைவிட.

கட்சிக்காரர்கள் தயாரித்த துண்டறிக்கை மாதிரியில் "தேசிய சாம்பியன்" என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். மாற்றச் சொல்லுங்கள். தொடர் ஓட்டத்தில் வெண்கலம் என்று உள்ளபடியே போடட்டும். அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.

தலைவர் பதவி வாக்குறுதியை நம்பி இறங்காதீர்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் கவுன்சிலர்களைத்தான் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவரைக் கவுன்சிலர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவி எந்தப் பிரிவினருக்கு ஒதுக்கப்படும் என்பதும் அறிவிக்கை வந்தால்தான் தெரியும். உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் அப்படித்தான், அடுத்த அறிவிக்கையைப் பார்க்காமல் உறுதி இல்லை.

வருமானத்தையும் கணக்குப் பாருங்கள். 2023 ஜூலை முதல் நகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். நிருபர் தொகையும் அறக்கட்டளைத் தொகையும் நின்ற பிறகு வீடு எப்படி ஓடும் என்று கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். தேர்தல் செலவுக்கு முதல் நாளிலிருந்தே ரசீது வையுங்கள். முடிவு வெளியாகி 30 நாட்களுக்குள் கணக்குத் தர வேண்டும், தராதவர்களை 3 ஆண்டுகள் போட்டியிட முடியாதபடி தகுதி நீக்கம் செய்கிறார்கள். தோற்றவர்கள்தான் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

கணவரின் ரயில்வே வேலை

ரயில்வே ஊழியரின் மனைவி போட்டியிடுவதற்குத் தடை இல்லை. அவர்தான் ஒதுங்கி இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே நடத்தை விதிகளில் 5-வது விதி, ஊழியர் கட்சி அரசியலில் பங்கெடுப்பதையும் உள்ளாட்சித் தேர்தல் உட்பட எந்தத் தேர்தலிலும் ஓட்டுக் கேட்பதையும் தடுக்கிறது. தன் உடையிலோ வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை வைத்தால், தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகவே கருதப்படும். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அதனால் வாசலில் கொடி கட்டுவது, அவருடைய பைக்கில் சின்னம் ஒட்டுவது, அவருடைய வாட்ஸ்அப்பில் உங்கள் துண்டறிக்கையை அனுப்புவது எதுவும் வேண்டாம். பிரசார அலுவலகத்தை வேறு இடத்தில் போடுங்கள்.

அவரே வேலையை விட்டுவிட்டு உங்களோடு பிரசாரத்துக்கு வருவதாகச் சொல்கிறாராம். வினேஷ் போகாட்டும் ரயில்வே ஊழியராக இருந்தவர்தான். ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகே மனுத் தாக்கல் செய்தார். ஆனால் போட்டியிட்டது அவரே. இங்கே போட்டியிடுவது நீங்கள். நிலையான சம்பளம் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும்.

அவதூறு வழக்கு

வழக்கு நிலுவையில் இருப்பதால் மட்டும் தகுதி போகாது. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் வழக்கைவிட மறைத்ததே பெரிய சிக்கலாகும்.

இது சாதாரண வழக்கு, கிடக்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் 2 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு, முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அதே அளவுதான். 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி தகுதி இழக்கிறார், அது 243வி வழியாக உங்களுக்கும் பொருந்தும். 2023 மார்ச்சில் ராகுல் காந்தி மக்களவை உறுப்பினர் பதவியை இழந்தது அவதூறு வழக்கில் கிடைத்த 2 ஆண்டு தண்டனையால்தான். அந்தத் தீர்ப்பை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகுதான் பதவி திரும்பியது. அதிகபட்ச தண்டனை அபூர்வம் என்பது உண்மை. ஆனாலும் வாய்தாக்களுக்குத் தவறாமல் போங்கள். செய்திக்கு ஆதாரமான அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நகல், புகைப்படங்கள், அன்றைய குறிப்பேடு எல்லாம் இப்போது நாளிதழ் அலுவலகத்தில் இருக்கின்றன. விலகிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். போவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகினாலும் அந்தச் செய்திக்கான வழக்குச் செலவை நிறுவனமே ஏற்கும் என்று ஆசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கட்சிச் சீட்டா, சுயேச்சையா என்ற கேள்விக்கு என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். தோற்றால் மறுபடி செய்தி எழுதவே வர வேண்டும் என்று நினைத்தால், சுயேச்சையாக நிற்பது நல்லது. ஓட்டு குறையலாம், பணக் கஷ்டமும் இருக்கும். ஆனால் கட்சிச் சின்னத்தில் நின்றவர் மறுவருடம் அதே மன்றத்தைப் பற்றிச் செய்தி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்தை முழுதாக விட்டுவிடத் தயார் என்றால், உங்கள் கொள்கைக்கு ஒத்துவரும் கட்சியில் நிற்பதில் எந்தத் தவறும் இல்லை.

அறக்கட்டளைப் பத்திரம், நகராட்சி ஒப்பந்தம், கடைசியாக வந்த பில் மூன்றின் நகல்களையும் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள், அல்லது எனக்கு அனுப்புங்கள். ஒப்பந்தத்தை இடையில் விடுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு அந்த நாட்கள் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.